அண்ட் சன்ஸ்

எங்க பொட்டிபுரத்துல மாட்டுக்குப் புல்லுக்கட்டு, போடி சந்தைக்கு மூட்டை, பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்கன்னு எல்லாத்தையும் சுமந்தது டிவிஎஸ் 50 தான். 1980ல வந்த வண்டி. அந்த மூணு எழுத்து ஒரு ஆளோட பேருன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது :-)

திருக்குறுங்குடி டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1877ல பொறந்தவர். வக்கீல் வேலை, ரயில்வே, பேங்க் எல்லாம் பார்த்துட்டு, மதுரையில பஸ் விட்டார். பஸ்ஸைப் பார்த்து கடிகாரத்தைத் திருத்திக்குவாங்கன்னு பெருசுக இன்னும் சொல்லும். ரோட்டுல கெடக்குற லாட ஆணியைப் பொறுக்க காந்தம் கட்டுன வண்டி ஓடுச்சாம். 1970களில் பஸ் அரசாங்கத்துக்குப் போயிருச்சு. ஆனா அதுக்குள்ள பசங்க ஃபைனான்ஸ், பிரேக், சக்கரம், போல்ட்டு நட்டுன்னு பரவிட்டாங்க. சந்தானம் ஆரம்பிச்ச சுந்தரம் ஃபைனான்ஸ் 1954. கிருஷ்ணாவோட சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1966.

கம்பெனி பேரு 'டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ்'. அஞ்சு பையன், சரி. மூணு பொண்ணும் இருந்தாங்களே?

அதுல ஒருத்தர் சௌந்தரம். சின்ன வயசுலயே கல்யாணம். டாக்டர் புருஷன் 1925ல பிளேக்குல போயிட்டார். அந்தக் காலத்து அய்யங்கார் வீட்டு விதவை என்ன ஆகியிருக்கணும்னு உங்களுக்கே தெரியும். இவங்க டெல்லி போய் 1936ல டாக்டராயிட்டாங்க. அங்கதான் ஜி. ராமச்சந்திரன் பழக்கம். கேரளாக்காரர், வேற சாதி. வீட்ல சம்மதிக்கல. ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்து பாருங்கன்னார் காந்தி. இருந்தாங்க. அப்பவும் மனசு மாறல. 1940ல காந்தியே முன்ன நின்னு கட்டி வெச்சார்.

1947ல சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமம். தாய் சேய் வைத்தியத்துல ஆரம்பிச்சு, 1956ல கிராமியக் கல்லூரி, 1976ல அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நடுவுல 1962ல திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துணை அமைச்சர். தம்பிங்க பண்ணதுக்குக் கொறைஞ்சதா இது? டிவிஎஸ் கதைன்னு யாரு எழுதுனாலும் இவங்களுக்கு ஒரு பாரா தான் ஒதுக்குறாங்க. அதான் நான் ரெண்டு பாரா எடுத்துக்கிட்டேன்.

2022ல குடும்பம் பங்குகளைப் பிரிச்சு, அவங்கவங்க கம்பெனி அவங்கவங்களுக்குன்னு ஆச்சு. இப்ப கொள்ளுப்பேத்திக காலம்: ஃபாஸ்ட்னர்ஸை ஆர்த்தி கிருஷ்ணா, சுந்தரம் கிளேட்டனை லட்சுமி வேணு நடத்துறாங்க. அண்ட் சன்ஸ் கொஞ்சம் தளர்ந்திருக்கு.

எங்க சொந்தத்துலயும் ஒரு ஏலக்காக் கடை உண்டு. முப்பது வருஷம் கணக்கு எழுதுனது அத்தை. போர்டுல 'அன் சன்ஸ்'. போன மாசம் புதுசா பெயிண்ட் அடிச்சாங்க. அதே எழுத்து தான்.