உருக்காமல் விட்ட செம்பு

நாம் புழங்கும் செம்பில் பெரும்பகுதி உலையில் பிறந்தது. கந்தகத்தோடோ ஆக்சிஜனோடோ சேர்ந்து, பார்த்தால் செம்பென்றே தெரியாத தாதுக்கல்லை வெட்டி, அரைத்து, உருக்கினால்தான் உலோகம் கைக்கு வரும். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் வட எல்லையில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவினா தீபகற்பத்தில் அந்த வேலையைப் பூமியே முடித்து வைத்திருந்தது. அங்கே பாறையை உடைத்தால் செம்பு செம்பாகவே கிடைத்தது. 1845இலிருந்து 1968 வரை சுமார் 50 லட்சம் டன் செம்பு அந்த மண்ணிலிருந்து வெளியே போயிற்று. அதில் உலைக்குப் போகாமல் தப்பித்தது மிகமிகக் கொஞ்சம். அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பவர்களின் அலமாரிகளிலும் இன்று நாம் பார்ப்பது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

கதை 110 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோனது. அந்தப் பிளவின் வழியே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து பரவியது. ஒவ்வொரு அடுக்கின் மேற்பகுதியிலும் வெளியேற முடியாத வாயுக் குமிழிகள் உறைந்து பொந்துகளாயின. அடுக்குகளுக்கு நடுவே ஆறுகள் கூழாங்கற்களைக் கொண்டுவந்து கொட்டின. பின்னர், எல்லாம் ஆழத்தில் புதைந்த பிறகு, சூடான நீர் பாறையிலிருந்த செம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு பிளவுகள் வழியே மேலேறி வந்தது. கந்தகம் கிடைத்திருந்தால் செம்பு அதோடு சேர்ந்து சாதாரணத் தாதுவாகிப் போயிருக்கும். அந்த எரிமலைப் பாறையில் கந்தகம் மிகக் குறைவு. அதனால் செம்பு தனித்தே படிந்தது.

எங்கே படிந்ததோ அந்த இடத்தின் உருவத்தையே அது எடுத்துக்கொண்டது. குமிழிப் பொந்துகளில் உருண்டையாக, விரிசல்களில் தகடாக. கூழாங்கற்களைச் சுற்றி ஓடாகப் படிந்த செம்பும் உண்டு. உள்ளிருக்கும் கல் உதிர்ந்தால் வெற்று ஓடு மிஞ்சும். சுரங்கத்தார் அதற்கு மண்டையோடு என்று பேர் வைத்தார்கள். காலி இடம் தாராளமாகக் கிடைத்த குழிவுகளில் மட்டும் செம்பு தன் சொந்த வடிவத்தில், படிகமாக வளர்ந்தது.

பனியுகத்தில் பனிப்பாளங்கள் இந்தப் பாறைகளைச் சுரண்டிச் செம்புக் கட்டிகளைத் தெற்கே வெகுதூரம் இழுத்துச் சென்று போட்டன. அப்படி மேலே கிடந்ததையும், பாறையில் குழிதோண்டி எடுத்ததையும் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணின் பூர்வகுடிகள் பயன்படுத்தினார்கள். உருக்கவில்லை, கல் சுத்தியலால் தட்டி, நெருப்பில் காட்டி, மறுபடி தட்டி ஈட்டி முனையும் கத்தியும் மணியும் செய்தார்கள். சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவில் அவர்கள் தோண்டிய குழிகளையும், தேய்ந்துபோன சுத்தியல் கற்களையும் இன்றும் காணலாம். பின்னாளில் அந்தப் பகுதியில் வாழ்ந்த ஒஜிப்வே மக்களுக்குச் செம்பு வெறும் கருவிப் பொருள் அல்ல. நீருக்கடியில் வாழும் சக்திகளுக்கு உரியது, மரியாதையோடு அணுக வேண்டியது.

அங்கிருந்து வெளியார் கொண்டுபோன ‘மாதிரி’களில் பெரும்பேர் பெற்றது அப்படிப்பட்ட ஒரு கட்டிதான். ஒன்டனாகன் ஆற்றின் மேற்குக் கிளையில், நீரோரத்தில் கிடந்த அதன் எடை 3,708 பவுண்டு. கிட்டத்தட்ட 1,680 கிலோ. டெட்ராய்ட் நகரத்து இரும்புக்கடை வணிகர் ஜூலியஸ் எல்ட்ரெட் 1841இல் 150 டாலர் கொடுத்து ஒஜிப்வே தலைவரிடமிருந்து அதை வாங்கினார். எடுத்துப் போக 1843இல் வந்தபோது, வேறொரு கூட்டம் அரசு அனுமதிச் சீட்டோடு கட்டியருகே நின்றிருந்தது. அவர்களுக்கு 1,365 டாலர் கொடுத்து அதே கல்லை மறுபடி வாங்கினார். காட்டை வெட்டி, தண்டவாளத் துண்டுகளை முன்னால் போட்டும் பின்னாலிருந்து எடுத்தும் மேடு பள்ளங்களைத் தாண்டி டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்து, பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு 25 சென்ட் வாங்கினார். சில வாரங்களுக்குள் அது அரசின் சொத்து என்று சொல்லி வாஷிங்டனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். 1847இல் நாடாளுமன்றம் எல்ட்ரெட்டுக்கு 5,664 டாலர் 98 சென்ட் ஈடு கொடுத்தது. கட்டி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1990களில் ஒஜிப்வே மக்கள் தங்கள் புனிதப் பொருளென்று சொல்லி அதைத் திரும்பக் கேட்டார்கள், ஸ்மித்சோனியன் தரவில்லை. எல்ட்ரெட்டுக்குக் காசோடு கணக்குத் தீர்த்தவர்கள் இந்தக் கணக்கையும் தீர்க்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கனிமம் சேகரிப்பதை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் சொல்லவும் வேண்டும்.

அந்த 1841ஆம் ஆண்டிலேயே மிச்சிகனின் நிலவியலாளர் டக்ளஸ் ஹௌட்டன் தமது அறிக்கையை வெளியிட்டார். செம்பு உண்டு, ஆனால் அவசரப்பட்டு ஓடுகிறவர்கள் ஏமாறுவார்கள் என்று அதில் எச்சரித்திருந்தார். எச்சரிக்கை யார் காதிலும் விழவில்லை. 1842இன் லா பாயின்ட் ஒப்பந்தத்தில் நிலம் ஒஜிப்வேயின் கையைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டே கூட்டம் குவிந்தது. ஹௌட்டன் 1845 அக்டோபரில் ஏரிப் புயலில் படகு கவிழ்ந்து இறந்தார். அந்த ஆண்டு தோண்டத் தொடங்கிய கிளிஃப் சுரங்கம்தான் அங்கே முதலில் லாபம் கண்டது.

கிளிஃப் சுரங்கத்தில் கிடைத்தவை டன் கணக்கான முழுக் கட்டிகள். கேட்க அதிர்ஷ்டம் போலத் தோன்றும், வேலை செய்தவர்களுக்கோ அது பெரும்பாடு. வெடி வைத்தால் பாறை சிதறும், செம்பு வளையுமே தவிர உடையாது. எனவே ஒருவர் நீண்ட உளியைப் பிடிக்க, மற்றவர்கள் சம்மட்டியால் அடிக்க, கட்டியின் குறுக்கே ஒரு குறுகிய வாய்க்கால் போலச் செதுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் மெல்லிய செம்பு நாடா ஒன்று உரிந்து வரும். பெரிய கட்டியானால் மாதக்கணக்கில் இதே வேலை. அப்படி உரிந்த நாடாக்களையும் சேகரிப்பவர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள். உளியின் தடம் வரிவரியாக அதில் அப்படியே இருக்கும்.

கம்பெனிக்குச் செம்பு என்றால் பவுண்டுக்கு இத்தனை காசு. படிகமும் ஒன்றுதான், கட்டியும் ஒன்றுதான். அழகானதை ஒதுக்கி வைக்கும் கண் கீழே இருந்தவர்களுக்குத்தான் இருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தலைமுறைத் தொழிலோடு வந்தவர்களும், பின்னர் ஃபின்லாந்திலிருந்து வந்தவர்களும் தங்கள் சாப்பாட்டுத் தூக்கின் அடியில் கல்லை வைத்து மேலே கொண்டுவந்தார்கள். கம்பெனி பார்வையில் அது திருட்டு. சிக்கினால் வேலை போகும். ஆனால் அந்தத் தூக்குகள் இல்லாவிட்டால் கீவினாவின் மிகச் சிறந்த படிகங்களில் பல, கம்பியாகவும் கப்பலுக்கு அடித்தகடாகவும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவர்கள் அதிகம் விரும்பியது செம்பும் வெள்ளியும் ஒட்டி வளர்ந்த கற்களை. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெண்மை, நடுவில் கோடு கிழித்தாற்போன்ற எல்லை. உருக்கினால் இந்த இரண்டும் கலந்துவிடும், எல்லை அழிந்துவிடும். உருகுநிலைக்கு வெகு கீழே, சூடான நீரில் மெல்லப் படிந்ததால்தான் அவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் தனித்தனியாக நிற்கின்றன. உலையால் செய்ய முடியாத பொருள் இது.

இன்னொரு வகை, கால்சைட் படிகத்துக்குள் அடைபட்ட செம்பு. கண்ணாடி போன்ற கல்லுக்குள் செந்நிறத் துகள்கள் சிதறித் தெரியும். குழிவுகளில் செம்புப் படிகம் வளர்ந்த பிறகு கால்சைட் வந்து மூடிய இடங்களும் உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் கால்சைட் நுரைத்துக் கரைந்துவிடும், செம்பு நிற்கும். அப்போது வெளிப்படுவதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் தாழ்வான நான்கு பக்கக் கூம்பு எழும்பி, மொத்தம் 24 முகங்கள். கீவினாவுக்கே உரிய வடிவம் என்று இதைச் சேகரிப்பவர்கள் கொண்டாடுகிறார்கள். அமிலம் தொடாத, பழுப்பும் பச்சைக் களிம்பும் படிந்த கல்லைத்தான் சிலர் விரும்புவார்கள். என் கட்சியும் அதுதான். செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் இவற்றைப் பளபளக்க வைத்தால், அதன் வயது முகத்திலிருந்து போய்விடுகிறது.

தூக்கில் வந்த கற்கள் வீட்டு ஜன்னல் விளிம்புகளுக்கும், சுரங்க அதிகாரிகளின் கண்ணாடி அலமாரிகளுக்கும் போயின. பிறகு பல, ஹௌட்டன் நகரத்துச் சுரங்கக் கல்லூரியில் 1902இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதை வளர்த்த பேராசிரியர் ஏ.ஈ. சீமனின் பெயரே இன்று அதன் பெயர். சுப்பீரியர் ஏரியின் அடியிலிருந்து 2001இல் தூக்கிய, பதினைந்து டன்னுக்கும் மேற்பட்ட செம்புப் பாளமும் அங்கேதான் இருக்கிறது. எந்தச் சுரங்கம், எத்தனையாவது மட்டம் என்று எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும் சின்னக் கல்லுக்கும் அங்கே இடமுண்டு. சுரங்கங்கள் மூடி நீர் நிரம்பிக் கிடக்கும்போது, அந்த மட்டத்துக்கு மறுபடி யாரும் இறங்கிப் பார்க்க முடியாது.

இப்போது புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் சுரங்கவாயில் குவித்த கழிவுக் கற்களிலிருந்து. அந்தக் குன்றுகள் பல ஜல்லியாக அரைபட்டுச் சாலையில் போய்விட்டன. மிச்சமிருப்பதில், நிலத்துக்காரர் அனுமதியோடு, உலோகங்காட்டிக் கருவியும் சுத்தியலுமாகத் தேடுகிறார்கள். கருவி ஒலித்த இடத்தில் பழைய ஆணியும் கிடைக்கலாம். பாறைத் துண்டு அளவுக்கு மீறிக் கனத்தாலோ, அடித்ததும் தெறிக்காமல் நசுங்கினாலோ உள்ளே செம்பு இருக்கிறது. அதோடு சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். படிகமாக இருந்தால் அடுத்த அடியில் அதன் முனை மழுங்கிவிடும்.