ஏட்டுப் படியிலிருந்து முறைமைப் படிமம் வரை

ஏடொன்று சிதைந்தழியுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தல் தமிழர் நெடுங்காலம் போற்றி வந்த வழக்கமாகும். சங்கச் செய்யுள்கள் இன்று எமக்குக் கிடைப்பது அவை முதன்முதல் எழுதப்பெற்ற ஓலைகள் நிலைத்தமையால் அன்று. பெயரறியப்படாத பலர் தலைமுறைதோறும் படியெடுத்தமையாலேயே ஆகும். படியெடுப்பார் அற்றவிடத்து நூலும் அற்றது. 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, கட்டை அவிழ்க்கும்போதே ஓலைகள் ஒடிந்து உதிர்ந்த அவலத்தை அதன் பதிப்புரையிற் கூறியுள்ளார். ஏடுகள் வெள்ளத்திலும் தீயிலும் இடப்பட்ட செய்திகளை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கின்றார்.

இவ்வழக்கத்தின் அண்மைக்கால வடிவமொன்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினியொன்றின் பணிசெயல் முறைமை தங்கியிருக்கும் வன்தட்டை, அக்கணினியிலேயே அமைந்த கருவிகளைக் கொண்டு முழுமையாகப் படியெடுத்து வேறொரு தட்டுக்குப் பெயர்த்தலே அது. வரலாறு பயிலும் கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் உளர். விடை எமது ஊராகிய ஆலையடிவேம்பில், என் தாய்மாமனாரின் தட்டச்சு நிலையத்தில் இருக்கின்றது.

மாமா பல ஆண்டுகளாகத் திருமண அழைப்பிதழ்களும், கோயில் உற்சவப் பிரசுரங்களும், இறந்தோரின் நினைவாக வெளியிடப்படும் 'கல்வெட்டு' எனும் சிறு நூல்களும் ஒரே கணினியில் எழுத்துக்கோத்து வந்தார். கல்வெட்டு என்றதும் அரசர் பொறித்த கல்லை நினைத்தல் வேண்டா. இறந்தவரின் பிறப்பு, குடி வழி, கொண்டான் கொடுத்தான் உறவு, பாடப்பட்ட இரங்கற்பாக்கள் யாவும் அடங்கிய மலர் அது. நாளை எமது ஊரின் சமூக வரலாற்றை எழுதப் புகும் ஒருவர்க்கு இம்மலர்களினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. அச்சிட்ட பிரதிகள் விருந்தினர் கையிற் சென்று கறையான் வாய்ப்பட்டன. எஞ்சியவை மாமாவின் கணினியிலேயே இருந்தன. சென்ற விடுமுறையில் நான் ஊர் சென்றபோது அதன் வன்தட்டு, பல்லி சொல்வது போன்று 'டிக், டிக்' என ஒலித்துக்கொண்டிருந்தது.

கோப்புகளை மட்டும் ஒரு பென்டிரைவிற் போட்டுக்கொண்டாற் போதாதோ எனின், போதாது. மாமாவின் ஆவணங்கள் பாமினி எழுத்துருவிற் கோக்கப்பட்டவை. யூனிகோட் குறிமுறையில் 1991 ஆம் ஆண்டு முதலே தமிழுக்குத் தனியிடம் இருப்பினும், ஈழத்து அச்சகங்கள் பலவும் பின்னரும் நீண்டகாலம் பாமினியையே பற்றி நின்றன. அவ்வெழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல்லைக் கணினி தமிழாக அறிவதில்லை. ஆங்கில எழுத்துகளாகிய ஜே, கே, பி, ஓ, அவற்றின்பின் ஓர் அரைப்புள்ளி என்றே சேமிக்கின்றது. அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்படுகின்றது. போர்வையை விட்டுக் கோப்பை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுசென்றால் எம் பாட்டியின் பெயரும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். போதாக்குறைக்கு அம்மலர்களிற் பெரும்பாலானவை பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் ஆக்கப்பட்டவை. அம்மென்பொருளின் வளர்ச்சி நின்று நெடுநாளாயிற்று; இன்றைய பக்க அமைப்பு மென்பொருள்கள் பலவும் அதன் கோப்புகளை நேரே திறப்பதில்லை.

இந்நிலை எமக்குப் புதியதன்று. இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் முன்னர் வழங்கிய அரபுத்தமிழ் நூல்களை ஈண்டு நினைவுகூரலாம். மொழி தமிழ், எழுத்தோ அரபு. நூல் கையில் இருந்தும், அவ்வெழுத்தில் தமிழை வாசிக்கப் பழகியவர் வீட்டில் இல்லையாயின் அது ஊமையாகிவிடும். நூலோடு அதனை வாசிக்கும் ஆற்றலும் கைமாறவேண்டும். கணினியிலும் கோப்பு, எழுத்துரு, மென்பொருள், அவற்றைத் தாங்கும் பணிசெயல் முறைமை ஆகிய நான்கும் ஒருங்கே பெயர்ந்தாலன்றி மாமாவின் கல்வெட்டுகள் பேசமாட்டா.

இனி, முறைமையைப் பெயர்க்கும் கருவிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தட்டிலுள்ள தகவலை அதன் பொருளைப் பாராது வரிசையாக அப்படியே நகல் செய்யும் 'டிடி' என்னும் கட்டளை, 1970களின் நடுப்பகுதியில் யுனிக்ஸ் முறைமையில் இடம்பெற்றது. 1979 இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் 'டார்' சேர்ந்தது. நாடாவிற் சேமித்தல் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அப்பெயர். இவ்விரண்டும் இன்றும் வழக்கிலுள்ளமை வியப்பிற்குரியது.

தனியாள் கணினியை ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 இல் அறிமுகஞ் செய்தது. அதனுடன் வந்த டொஸ் முறைமையில் மூன்று கட்டளைகள் இருந்தமை எமது பொருளுக்கு இன்றியமையாதது. 'கொப்பி' கோப்புகளை மட்டும் படியெடுக்கும். 'டிஸ்க்கொப்பி' நெகிழ்வட்டு முழுவதையும் உள்ளவாறே படியெடுக்கும். 'சிஸ்' என்பது முறைமையை மட்டும் பெயர்க்கும். ஏன் இவ்வேறுபாடு? கணினியைத் தொடக்கும் சிறு நிரல் வட்டின் முதற்கூற்றில், கோப்பு எதற்கும் உட்படாது உறைந்துள்ளது. முறைமையின் அடிப்படைக் கோப்புகள் இரண்டும் மறைத்து வைக்கப்பட்டவை. வட்டில் அவற்றிற்கென விதித்த இடத்திலேயே இருத்தல் வேண்டும். ஆதலின் 'கொப்பி' கொண்டு எத்துணை கவனமாகப் படியெடுத்தாலும் அவ்வட்டிலிருந்து கணினி தொடங்காது. கோப்பைப் படியெடுத்தல் வேறு, முறைமையைப் பெயர்த்தல் வேறு என்னும் உண்மை அன்றே வகுக்கப்பட்டுவிட்டது. இன்றும் பலர் இடறுவது இவ்விடத்திலேதான்.

அக்கணினி வெளிவருவதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்னர், 1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறு படி இல்லாதனவும் இருந்தன. நூலை வாங்கலாம், கட்டடத்தை எழுப்பலாம். ஒரேயொரு படியாக இருந்ததை எங்குப் போய் வாங்குவது? இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் அவ்வாண்டைப் பற்றி எண்ணுந்தோறும் இரண்டும் சேர்ந்தே என் நினைவில் எழுகின்றன.

1983 இல் 10 மெகாபைற் வன்தட்டுடன் கூடிய கணினி வந்தபோது டொஸ்ஸின் இரண்டாம் பதிப்பில் காப்பெடுக்கவும் மீட்கவும் தனிக்கட்டளைகள் சேர்க்கப்பட்டன. நிறைந்த தட்டொன்றைக் காப்பெடுக்க 360 கிலோபைற் நெகிழ்வட்டுகள் 29 வேண்டும். இருபத்தொன்பதையும் வரிசை தவறாது மாற்றிக்கொண்டு அமர்ந்திருக்கும் பொறுமை எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? இடையில் ஒரு வட்டுப் பழுதாயினும் இடர்தான்.

பின்னர் விண்டோஸ் வளர வளர இடர்ப்பாடு வேறு வகையில் வந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் முறைமை தன் கோப்புகள் பலவற்றைத் திறந்தே வைத்திருக்கும். படியெடுத்து முடியுமுன் அவை மாறிவிடும். இதனை எம்மூரார்க்கு விளக்கக் கோயில் வழக்கமொன்று கைகொடுத்தது. மூலஸ்தானத்தில் மூர்த்தி இருக்க அதனை இடித்துத் திருப்பணி செய்தல் ஆகாது. சக்தியைக் கும்பத்தில் ஆவாகனஞ் செய்து பாலஸ்தாபனத்தில் இருத்திய பின்னரே திருப்பணி தொடங்கும். விண்டோஸும் இவ்வாறே ஒரு கணத்தின் நிலையைத் தனியே நிறுத்தி, அந்நிலையிலிருந்து படியெடுக்கும் 'நிழற்படி' என்னும் உத்தியைக் கைக்கொண்டது. விஸ்டாவின் உயர்பதிப்புகளில் முழுத்தட்டுப் படிமம் எடுக்கும் வசதி வந்தது. 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7 அதனை எல்லாப் பதிப்புகளுக்கும் பரவலாக்கியது. 2017 முதல் மைக்ரோசொப்ற் இக்கருவியை இனி வளர்க்கப்போவதில்லை என அறிவித்துவிட்டபோதிலும், விண்டோஸ் 7 இன் பெயரையே தாங்கி அது பின்வந்த பதிப்புகளிலும் ஒரு மூலையில் இருந்துவருகின்றது.

மாமாவின் கணினியில் இருந்ததும் விண்டோஸ் 7 ஆதலால் அக்கருவியையே நாடினோம். கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'காப்பெடுத்தலும் மீட்டலும்' என்னும் பகுதிக்குச் சென்று, படிமம் ஆக்குமாறு பணித்து, வெளியிணைப்பு வன்தட்டொன்றைக் காட்டினோம். முறைமை தங்கும் பிரிவோடு, தொடக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட 100 மெகாபைற் சிறுபிரிவையும் அது தானே சேர்த்துக்கொண்டது. அச்சிறுபிரிவைக் கண்டு பயனற்றதென்று நீக்குவோர் உளர். அது நீங்கின் தொடக்கமும் நீங்கும். வெளித்தட்டு என்ரிஎப்எஸ் முறையில் வடிவமைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அடுத்து, வெற்று டிவிடி ஒன்றில் சீராக்கு தட்டொன்றையும் ஆக்கினோம். புதிய தட்டில் ஏதுமில்லாதபோது கணினி எதிலிருந்து தொடங்கும்? அதற்கே இது. படிமத்தை எடுத்துவிட்டு இத்தட்டை மறப்பவர், பெட்டகத்தைப் பூட்டிச் சாவியை அதனுள்ளேயே வைத்தவராவர்.

படிமம் எடுக்க ஒன்றரை மணித்தியாலம் சென்றது. பல்லி இடையிடையே சொன்னது. மின்சாரம் தடைப்படாதிருக்க மாமி பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார்.

தவறு நிகழ்ந்தது அதன்பின்னரே. விரைவிற் சிறந்ததென்று கேள்விப்பட்டு 240 கிகாபைற் திண்மநிலைத் தட்டொன்றை அக்கரைப்பற்றில் வாங்கி வந்திருந்தேன். பழைய தட்டு 500 கிகாபைற்; அதில் நிறைந்திருந்ததோ அறுபதுக்கும் குறைவு. ஆகவே தாராளமாகக் கொள்ளும் என்பது என் கணக்கு. கருவியின் கணக்கு வேறு. அது நிறைந்த அளவைப் பார்ப்பதில்லை. பழைய தட்டின் அளவையே பார்க்கின்றது. அதனிற் சிறிய தட்டை ஏற்க மறுத்துவிட்டது. மாமா ஒன்றும் சொல்லாது வெற்றிலை மடித்தார். மறுநாள் ஒரு டெராபைற் தட்டொன்று வாங்கினோம். டிவிடியிலிருந்து தொடக்கி, படிமத்தைக் காட்டி, புதிய தட்டிலுள்ளவை யாவும் அழியும் என்னும் எச்சரிக்கைக்கு இசைவு கூறி மீட்டோம். அவ்வேளை பழைய தட்டைக் கழற்றி வைத்திருந்தமை நன்று. அவசரத்தில் தட்டு மாறி அழிந்தால் அழுதும் பயனில்லை. மீட்டபின் எஞ்சிய ஐந்நூறு கிகாபைற்றும் ஒதுக்கப்படாத வெளியாகக் கிடந்தது. அதனைத் தட்டு மேலாண்மைக் கருவியால் விரித்துக்கொண்டோம்.

கணினி தொடங்கியது. ஆயினும் தொடங்கியதைக் கண்டு முடிவு செய்யாது, கோப்புகளைத் திறந்து பார்த்தோம். பாட்டியின் கல்வெட்டு எழுத்துப் பிறழாது வந்தது. அச்சுப்பிழைகளும் அப்படியே வந்தன. ஏட்டுப் படிக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவே. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. ஏடெழுதுவோர் பிழை செய்தனர், சிலவேளை திருத்தவுஞ் செய்தனர், பாடபேதம் பிறந்தது. படிமமோ குற்றத்தையும் குணத்தையும் ஒருங்கே சுமக்கும். நச்சுநிரல் இருப்பின் அதுவும் கூடவே வரும்.

படிமம் இருந்தாற் போதுமெனக் கொள்ளுதலும் பேதைமை. 2023 ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்க முகிற் கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் நச்சுநிரலால் தாக்குண்டபோது, இணைப்பிலிருந்த காப்புப்பிரதியும் உடன் பூட்டப்பட்டது. இணைப்பறுத்து வைத்த காப்பு அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மறைந்தன. ஓர் அரசுக்கே இந்நிலையெனின் ஒரு தட்டச்சு நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

எமது கரையோ ஆபத்துகளை நன்கறிந்த கரை. 1978 நவம்பர்ச் சூறாவளியும், போர்க்கால இடப்பெயர்வுகளும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையும் இப்பிரதேசத்து வீடுகளிலிருந்த ஏடுகளையும் உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அள்ளிச் சென்றன. அலையால் இலங்கையில் மிகுந்த உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. இவற்றுக்கு முன்னரே, 1962 இல் எப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தையும், 1968 இல் வீ. சீ. கந்தையா கண்ணகி வழக்குரையையும் ஏடுகளிலிருந்து அச்சேற்றியமை இப்பகுதியின் நற்பேறு என்றே கூறல் தகும். சுவிற்சர்லாந்திலிருந்து 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் ஈழத்தில் எழுந்த நூலகமும் அப்பணியை மின்வெளியில் தொடர்ந்தன. மதுரைத் திட்டத்தினர் முன்னர்ப் பழைய குறிமுறையில் ஏற்றியவற்றைப் பின்னர் யூனிகோட்டுக்கு மாற்ற நேர்ந்தமை எமக்கும் பாடமாகும். முறைமையை முழுதாகப் பெயர்ப்பது காலத்தை வாங்கித் தருமேயன்றி வேறில்லை. விண்டோஸ் 7 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இலேயே நின்றுவிட்டது. மாமாவின் கணினியை இணையத்தோடு இணைப்பதையும் நிறுத்திவிட்டோம்.

ஆகவே கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றி, அச்சுப்பிரதி கிடைத்தவற்றோடு ஒப்புநோக்கி வருகின்றேன். இதுவரை பதினேழு முடிந்தன. படிமத்தின் ஒரு படி மாமா வீட்டிலும், மற்றொரு படி கடலிலிருந்து தள்ளியுள்ள உறவினர் வீட்டிலும் உள்ளன. பல்லி சொல்லும் பழைய தட்டை எறிய மாமாவுக்கு மனம் வரவில்லை. பழந்துணியிற் சுற்றி, பிஸ்கற் பெட்டியிலிட்டு, காணி உறுதிகளோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கின்றார்.