ஒரு ரூபாயின் வரலாறு

1982 நவம்பரில் தில்லியில் ஒன்பதாம் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. அதற்கான கட்டுமானப் பணிகள் விரைந்து நடந்த காலத்தில், தொழிலாளர்களின் கூலியில் நாள்தோறும் ஒரு ரூபாய் குறைந்தது. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசா ஆகிய மாநிலங்களிலிருந்து அவர்களைத் திரட்டி வந்த ஜமேதார்கள் அதைத் தரகாகப் பிடித்துக்கொண்டனர். குறைந்தபட்சக் கூலி 9.25 ரூபாய், தொழிலாளியின் கைக்கு வந்தது 8.25 ரூபாய்.

இதைக் குறித்து ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் நீதிபதி பி. என். பகவதிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. பணியை ஒப்படைத்த அரசு அமைப்புகள் முன்வைத்த வாதம் எளிமையானது: அவர்கள் ஒப்பந்ததாரர்களின் ஆட்கள்; எனவே பொறுப்பும் ஒப்பந்ததாரர்களுடையதே.

1982 செப்டம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு இவ்வாதத்தை ஏற்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்பு மனித வணிகத்தையும், ‘பேகார்’ முதலான கட்டாய உழைப்பு வடிவங்களையும் தடை செய்கிறது. ஆங்கில மூலத்திலும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும் ‘பேகார்’ என்பது பாரசீக வழிச் சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என வழங்கிய கூலியற்ற உழைப்போடு ஒப்பிடத் தக்கது. கூலியே தராவிட்டால்தான் அது கட்டாய உழைப்பா, குறைத்துத் தந்தாலும் அப்படித்தானா என்பதே நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி. பசியும் வறுமையும் ஒருவருக்கு வேறு வழியில்லாமற் செய்வதும் கட்டாயமே. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது 23ஆம் உறுப்பை மீறுவதே என்று நீதிமன்றம் விடையளித்தது. இவ்வுறுப்பு அரசை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும் என்றும் தெளிவுபடுத்தியது.

அடுத்த ஆண்டு வழக்கு ஃபரிதாபாத் கல்குவாரிகளிலிருந்து வந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமையின் வேரை முன்பணத்தில் கண்டிருந்தது. முன்பணம் பெற்றதை நிறுவாதவரைத் தொழிலாளரைக் கொத்தடிமை எனக் கொள்ளலாகாது என்று ஹரியானா அரசு வாதிட்டது. ஏட்டில் எழுதப்படாத கடனுக்கு எழுத்தறியாதவர் எங்கிருந்து சான்று தருவார்? கட்டாய உழைப்பு என்பது புலப்பட்டால், அதன் பின்னே முன்பணம் உண்டு என்றே கொள்ள வேண்டும். இல்லையென மெய்ப்பிப்பது வேலை கொடுத்தவர் கடமை என்று 1983 டிசம்பர் 16 அன்று நீதிமன்றம் கூறியது.

இவ்விரு தீர்ப்புகளும் இன்றைய சிறு நிறுவனங்களுக்குப் பழைய செய்தியல்ல. தொழிலாளர் சட்டங்கள் பல எண்ணிக்கை வரம்பு உடையவை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் முதல் பொருந்தியது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அதை 50 ஆக உயர்த்தியது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டமும், 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களிடமே ஆண்டறிக்கை கேட்கிறது. எனவே பத்துப் பேர் வேலை செய்யும் தையற்கூடமோ, தரகர் வழியே செங்கல் வாங்கும் சிறு கட்டுமான நிறுவனமோ தன்னை எச்சட்டமும் தொடாது எனக் கருதுவது இயல்பு. ஆனால் 23ஆம் உறுப்புக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் ஆள் எண்ணிக்கை வரம்பில்லை.

தடுப்பு முறையும் இவ்வரலாற்றிலேயே இருக்கிறது. ஒப்பந்ததாரர் கூலி வழங்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி உடனிருந்து தொகைக்குச் சான்றளிக்க வேண்டும் என 1970ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒப்பந்ததாரர் தரத் தவறிய கூலியை முதன்மை வேலையளிப்பவரே தந்து, பின்னர் அவரிடம் வசூலிக்க வேண்டும் என்றது. வரம்புக்குள் வராத சிறு நிறுவனமும் இதைத் தானே மேற்கொள்ளலாம். அதற்குப் பெரிய தணிக்கைக் குழு தேவையில்லை. ஆளைத் திரட்டியவர் யார், அவர் முன்பணம் கொடுத்தாரா, அது தீராமல் தொழிலாளி வெளியேற முடியுமா, கூலி யார் கைக்குப் போகிறது என்ற நான்கு கேள்விகளைத் தரகரிடம் மட்டுமன்றித் தொழிலாளியிடமும் தனியே கேட்க வேண்டும். கொள்முதல் விலையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்: குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் அந்த விலைக்குப் பொருளைத் தர இயலாது என்றால், அக்குறையை யாரோ ஒருவர் தம் கூலியில் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்.

1982இல் அத்தொகை ஒரு ரூபாய். நீதிமன்றம் அதைச் சிறிதென்று தள்ளவில்லை.