'ஒழிக்கப்பட்டது' என்ற சொல்: அமெரிக்க வரலாறும் வகுப்பறையும்



ஓர் ஆசிரியரின் நினைவாக நிகழும் உரை இது. ஆகவே வகுப்பறையைப் பற்றியே பேசுவோம். நாம் பேசப்போவது அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி வகுப்பறை. வரலாற்றை ஆண்டு வரிசையில் நடத்துவதா, கருப்பொருள் வாரியாக நடத்துவதா என்று அங்கே ஆசிரியர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். கற்பித்தல் முறை பற்றிய சச்சரவு என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒடுக்கப்பட்ட மக்கள் வரலாற்றில் எங்கே தோன்றுகிறார்கள், எங்கே காணாமல் போகிறார்கள் என்பதை இந்தத் தேர்வுதான் பெரிதும் முடிவு செய்கிறது.

ஆண்டு வரிசைப் பாடம் எப்படி நகர்கிறது? 1776இல் சுதந்திரப் பிரகடனம். 1787இல் அரசமைப்புச் சட்டம். 1861இல் உள்நாட்டுப் போர். 1865இல் 13ஆவது திருத்தம், அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அத்தோடு பாடம் முடிந்து, அடுத்த பாடத்தில் ரயில் பாதையும் எஃகு ஆலையும் வந்துவிடுகின்றன. விடுதலையான சுமார் 40 லட்சம் பேர் மறுநாள் யார் நிலத்தில் உழைத்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்ற கேள்விக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அரிது.

'உழைப்பு' என்ற ஒரே கருப்பொருளைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்ப்போம். குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்ற விதிவிலக்கு 13ஆவது திருத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. 1865 முடிவதற்குள் மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது: வேலையில்லாமல் காணப்படும் கறுப்பினத்தவர் குற்றவாளி, அவரால் அபராதம் கட்ட முடியாவிட்டால், அதைக் கட்டுகிறவரிடம் உழைத்துக் கழிக்க வேண்டும். பின்னர் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டார்கள். அலபாமாவில் அந்த முறை 1928 வரை நீடித்தது.

'வாக்கு' என்ற கருப்பொருளை எடுத்தாலும் இதே கதைதான். 1870இல் 15ஆவது திருத்தம் நிறவேறுபாடு காட்டி வாக்குரிமையை மறுப்பதைத் தடை செய்தது. அதே ஆண்டு மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் செனட் சபைக்குள் நுழைந்தார். அங்கே அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 20 ஆண்டுகள் கழித்து, 1890இல், அதே மிசிசிப்பி புதிய அரசமைப்பை எழுதி வாக்கு வரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் புகுத்தியது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவு ஒன்றைச் செயலற்றதாக்கியது. போராடிப் பெற்ற உரிமை பறிக்கப்படும், மீண்டும் போராட வேண்டும் என்பதை மாணவர் இப்படித்தான் அறிகிறார்.

அதற்காக ஆண்டுகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தென் மாநிலங்களில் எஞ்சியிருந்த கூட்டாட்சிப் படையின் பாதுகாப்பு 1877இல் விலகியதை அறியாதவருக்கு 1890 விளங்காது. காரணமும் விளைவும் காலத்துக்குள்தான் நிகழ்கின்றன.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கருப்பொருளுக்குப் பெயர் வைப்பவர் யார்? டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் படித்த ஒரு புவியியல் பாடநூல், அடிமை வணிகத்தைக் 'குடியேற்றம்' என்ற கருப்பொருளுக்குள் வைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான 'தொழிலாளர்கள்' கொண்டுவரப்பட்டதாக எழுதியது. 2015இல் அந்தப் பக்கத்தை ஒரு மாணவர் படமெடுத்துத் தன் தாய்க்கு அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பிய பிறகே வாசகம் திருத்தப்பட்டது. விலங்கு பூட்டிக் கடத்தப்பட்டவர்களைப் பிழைப்பு தேடி வந்தவர்களின் வரிசையில் சேர்க்க ஒரு தலைப்பு போதுமானதாக இருந்தது.

இந்தப் போராட்டம் புதிதல்ல. உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினத்தவர் வாக்களித்து ஆட்சியில் பங்கேற்ற காலத்தை ஊழல் காலமாகச் சித்திரித்த வரலாற்றாசிரியர் வில்லியம் டன்னிங், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1913 முதல் 1916 வரை பாபாசாகேப் அம்பேத்கர் படித்ததும் அங்கேதான். டன்னிங் வழியினரின் வரலாற்றை மறுத்து டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1935இல் பெருநூல் எழுதினார். அதன் கடைசி அத்தியாயம் பள்ளிப் பாடநூல்களைத்தான் குற்றக்கூண்டில் நிறுத்துகிறது. அந்த டுபாய்ஸுக்கு 1946இல் பாபாசாகேப் கடிதம் எழுதினார். நீக்ரோக்களின் நிலைக்கும் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒப்புமையைப் படிப்பது இயல்பானது மட்டுமல்ல, அவசியமானதும்கூட என்பது அவர் கருத்து.

அந்தப் படிப்பை நாம் தொடர வேண்டும். நம் அரசமைப்பின் 17ஆவது பிரிவிலும் 'ஒழிக்கப்பட்டது' என்ற சொல்தான் இருக்கிறது. தீண்டாமை பாவச்செயல் என்று நம் பாடநூலின் முன்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். உள்ளே இருந்த பாடங்களில் சேரி எங்கே இருந்தது?

மாணவத் தோழர்களே, 'ஒழிக்கப்பட்டது' என்று எந்தப் பாடத்தில் படித்தாலும் அங்கே நிறுத்தாதீர்கள். மறுநாள் என்ன நடந்தது என்று ஆசிரியரைக் கேளுங்கள். ஆசிரியராகப் போகிறவர்கள், அந்த மறுநாளிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.