கனமானதும் லேசானதும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ப்ராஜெக்ட் வேலையாக இரண்டு வருஷம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டுக் கொல்லையில் நான்கு தேனீப் பெட்டிகள் இருந்தன. வியாபாரத்துக்கு இல்லை, சும்மா ஆசைக்கு. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் ஒரு கையால் இரண்டு அங்குலம் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். என்ன செய்கிறார் என்றே புரியவில்லை.

"எடை பார்க்கிறேன். நீயும் தூக்கிப் பாரு" என்றார்.

தூக்கிப் பார்த்தேன். முதல் பெட்டி அசையவே இல்லை. மூன்றாவது காலி அட்டைப்பெட்டி மாதிரி எழும்பியது. "இது குளிர்காலம் தாண்டாது, சர்க்கரைப் பாகு குடுக்கணும்" என்றார். முதல் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "இவங்களுக்குக் கவலையில்லை" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் தப்பு என்பது எங்கள் இருவருக்கும் நவம்பரில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால், கூட்டைத் தூக்கி எடை பார்க்கும் இந்த வழக்கத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் தேனீ வளர்த்தவர்கள் கோடை முடியும்போது இதையேதான் செய்தார்கள். அப்போது மரப்பெட்டி கிடையாது. வைக்கோல் புரியைச் சுற்றிச் சுற்றித் தைத்து, கூடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கூடு. அதற்குள் தேனீக்கள் தாமே மெழுகு அடை கட்டும். அடைகள் கூடையின் சுவரோடு ஒட்டியிருக்கும். வெளியே எடுத்துப் பார்க்க வழியில்லை, கூட்டை உடைத்தால்தான் தேன்.

அதனால் ஆகஸ்ட் கடைசியில், செப்டம்பரில், தோட்டத்துக் கூடைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள். ரொம்பக் கனமாக இருந்தால் தேன் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொல்ல வேண்டும். ரொம்ப லேசாக இருந்தால் எப்படியும் குளிர்காலத்தில் பட்டினியால் சாகும், இருக்கிற கொஞ்சம் தேனாவது மிஞ்சட்டும். ஆக, அதையும் கொல்ல வேண்டும். நடுத்தரமான எடை உள்ளவை அடுத்த வருஷத்துக்கு. சாயங்காலம் தேனீக்கள் அடங்கிய பிறகு ஒரு குழி வெட்டி, அதில் கந்தகம் தோய்த்த துணியைக் கொளுத்தி, கூடையை அதன்மேல் வைத்து, புகை வெளியேறாதபடி மண்ணால் அணைத்துவிடுவார்கள். சற்று நேரத்தில் உள்ளே சத்தம் நின்றுவிடும்.

அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. வேறு வழி தெரியாதவர்கள். இங்கிலாந்தில் தாமஸ் வைல்ட்மன் 1768இல் தேனீ வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் போட்டு, கொல்லாமலே தேன் எடுக்கலாம் என்று எடுத்துச் சொன்னார். படித்தவர்கள் பாராட்டினார்கள், கிராமத்தில் கந்தகம் தொடர்ந்து எரிந்தது. நல்ல எண்ணம் மட்டும் இருந்து என்ன செய்ய, கூட்டின் அமைப்பு இடம் கொடுக்கவில்லையே. மென்பொருள் எழுதுகிற எனக்கு இந்த இடம் நன்றாகவே புரிகிறது. டிசைன் தப்பாக இருந்தால், அதைப் பயன்படுத்துகிறவருக்கு எவ்வளவு உபதேசம் செய்தாலும் பிரயோஜனமில்லை.

டிசைனை மாற்றியவர் ஒரு பாதிரியார். லாரென்ஸோ லாங்ஸ்ட்ராத், 1810இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு நோய் விட்டு விட்டு வந்து அவரைப் படுத்தியது. பிரசங்கம் செய்ய முடியாமல் மாதக்கணக்கில் முடங்கிவிடுவார். 1838இல் ஒரு நண்பர் வீட்டு மேஜையில் கண்ணாடிக் குடுவைக்குள் தேனடையைப் பார்த்து மயங்கி, இரண்டு கூடுகளோடு வீட்டுக்கு வந்தார். பிறகு ஃபிரான்சுவா ஹ்யூபரைப் படித்தார். ஹ்யூபர் கண் தெரியாதவர். தன் உதவியாளர் பர்னென்ஸின் கண்களால் தேனீக்களை ஆராய்ந்தவர். புத்தகத்தின் பக்கங்களைப் போலத் திறக்கிற ஒரு கூடு செய்து, 1792இல் தன் கண்டுபிடிப்புகளை வெளியிட்டவர். அந்தக் கூடு ஆராய்ச்சிக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு முறை மூடும்போதும் தேனீக்கள் நசுங்கும்.

லாங்ஸ்ட்ராத் கவனித்த விஷயம் ஓர் இடைவெளி. கூட்டுக்குள் இடுக்கு மிகக் குறுகலாக இருந்தால் தேனீக்கள் பிசின் வைத்து அடைத்துவிடும். அகலமாக இருந்தால் அங்கே ஓர் அடை கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை விட்டால், அதைத் தங்கள் நடைபாதையாக வைத்துக்கொள்ளும், தொடாது. பெட்டியின் மூடிக்குக் கீழே இந்த இடைவெளியை விட்டுப் பழகியிருந்த அவருக்கு 1851 அக்டோபரில் ஒரு நாள் பொறி தட்டியது. அடையைத் தாங்கும் மரச்சட்டத்தின் நாலு பக்கமும் அதே இடைவெளியை விட்டால்? சட்டம் சுவரில் ஒட்டாது. கையால் தூக்கி எடுக்கலாம், பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். 1852இல் காப்புரிமை வாங்கினார், 1853இல் புத்தகம் எழுதினார்.

அதற்குப் பிறகு மளமளவென்று வந்தன. 1857இல் மேரிங் மெழுகு அடித்தளத் தகடு செய்தார். 1865இல் ரூஷ்கா, அடையை உடைக்காமல் சுழற்றியே தேன் எடுக்கும் இயந்திரம் செய்தார். தேனை எடுத்துக்கொண்டு அடையைத் திருப்பிக் கொடுக்கலாம், தேனீயைக் கொல்லத் தேவையில்லை. கந்தகக் குழிக்கு வேலை போனது. லாங்ஸ்ட்ராத்துக்கு மட்டும் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லோரும் அவர் பெட்டியைக் காப்பியடித்தார்கள், வழக்குப் போட்டு அவர் ஓய்ந்துபோனார். 1858இல் அவர் குடிவந்த ஆக்ஸ்ஃபோர்டு, நான் இருந்த அதே ஓஹையோவில்தான் இருக்கிறது. அந்த வீடு இன்றும் நிற்கிறது.

நம் ஊருக்கும் இந்தப் பெட்டி வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் என்ற பாதிரியார், நம் இந்தியத் தேனீயின் உடம்பு சிறியது என்பதால் அளவுகளைக் குறைத்து ஒரு பெட்டி செய்து, திருச்சி வட்டாரத்தில் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அது இன்றும் நியூட்டன் பெட்டிதான்.

இப்போது பக்கத்து வீட்டுக் கொல்லைக்குத் திரும்பலாம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு தேனீ வளர்ப்பவர் செய்கிற வேலைகள் என்னென்ன? தேன் நிறைந்த மேல் அறைகளை எடுத்துவிட வேண்டும். பூ வரத்து குறையும் காலம் என்பதால் பலமான கூட்டுத் தேனீக்கள் பலவீனமான கூட்டைக் கொள்ளையடிக்கும். வாசலைச் சிறிதாக்க வேண்டும். ராணி முட்டையிடுகிறதா என்று பார்க்க வேண்டும். குறைகிற கூட்டுக்கு இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டிப் பாகு. வட அமெரிக்கக் குளிருக்கு ஒரு கூட்டுக்கு 27 முதல் 40 கிலோ வரை தேன் வேண்டும்.

இவ்வளவும் எதற்கென்றால், அந்த வாரங்களில் பிறக்கிற தேனீக்கள் வேறு மாதிரி. கோடைத் தேனீ ஏறக்குறைய ஆறு வாரத்தில் செத்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் வளர்கிற தேனீயின் வயிற்றில் கொழுப்புத் திசு தடிமனாகச் சேர்ந்திருக்கும். அது ஆறு மாதம்கூட இருக்கும். வெளியே பனி கொட்டும்போது ராணியைச் சுற்றிப் பந்து போலத் திரண்டு, உடம்பை நடுக்கிச் சூடு உண்டாக்கி, வசந்தம் வரை கூட்டைத் தூக்கிச் சுமப்பது இவைதான்.

வரோவா உண்ணி கை வைப்பதும் இங்கேதான். குண்டூசித் தலை அளவு, செம்பழுப்பு நிறம். 1904இல் ஜாவாவிலிருந்து வந்த மாதிரியை வைத்து அவுட்மான்ஸ் இந்த உண்ணி இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தார். அது இருந்தது ஆசியத் தேனீயின் மேல், அதாவது நம் கிணற்றுச் சுவர்ப் பொந்துகளில் கூடு கட்டுகிறதே, அந்தத் தேனீயின் மேல். நம் தேனீ அதோடு வாழக் கற்றிருக்கிறது. ஒன்றையொன்று சுத்தம் செய்துகொள்ளும், நோயுற்ற புழுவை வெளியே இழுத்துப் போடும், உண்ணியும் அங்கே பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில் மட்டுமே பெருகும். ஐரோப்பியத் தேனீக்கு இந்தப் பழக்கம் எதுவும் போதாது. மனிதர்கள் அதைப் பெட்டியில் ஏற்றி ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், உண்ணி தாவியது. 1970களில் ஐரோப்பாவில் பரவியது, 1987இல் அமெரிக்கா, 1992இல் பிரிட்டன். கடைசியாக மிஞ்சியிருந்த பெரிய நாடு ஆஸ்திரேலியா. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் கண்டுபிடித்து, ஒழித்துவிடலாம் என்று போராடி, 2023 செப்டம்பரில் முடியாது என்று கைவிட்டார்கள்.

தேனீக்களைக் கொல்லாமல் காப்பாற்றிய அதே சட்டப் பெட்டிதான் தேனீக்களைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோவதையும் சுலபமாக்கியது. இதற்காக லாங்ஸ்ட்ராத்தைக் குறை சொல்ல முடியாது.

உண்ணி தேனீயின் ரத்தத்தைக் குடிக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2019இல் சாமுவேல் ராம்சேயும் அவர் குழுவும் அது முக்கியமாகத் தின்பது கொழுப்புத் திசுவை என்று காட்டினார்கள். குளிர்காலத்துக்காகச் சேர்த்துவைத்த அதே திசு! கூடவே சிறகைச் சூம்பவைக்கும் வைரஸையும் பரப்புகிறது. கோடை உச்சத்தில் தேனீக்கள் அதிகம், உண்ணி தெரியாது. ஆகஸ்டில் ராணி முட்டையைக் குறைக்கும், தேனீக்கள் குறையும், உண்ணி மட்டும் ஏறிக்கொண்டே போகும். விகிதம் சடாரென்று மாறிவிடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. அரைக் கோப்பைத் தேனீக்களை, சுமார் 300, ஆல்கஹாலில் போட்டுக் குலுக்க வேண்டும். உண்ணிகள் உதிரும், எண்ணலாம். 100 தேனீக்கு மூன்று உண்ணி வந்துவிட்டால் உடனே மருந்து வைக்க வேண்டும். மருந்திலும் சிக்கல். ஆக்ஸாலிக் அமிலம் மெழுகு மூடிய புழு அறைக்குள் போகாது. ஃபார்மிக் அமிலத்தின் ஆவி போகும், ஆனால் வெயில் அதிகமானால் புழுவையும் சில சமயம் ராணியையும் சேர்த்துப் பாதிக்கும். வெயில் சற்றுத் தணிய வேண்டும், குளிர்காலத் தேனீக்கள் உருவாவதற்கும் முந்த வேண்டும். அந்தச் சந்து சில வாரங்கள்தான்.

அன்றைக்கு மூன்று பெட்டிகளில் சோதித்தோம். 300 தேனீக்கள் குப்பிக்குள் சாவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. முதல் பெட்டிக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "இதுதான் இவ்வளவு நல்லா இருக்கே, இதுக்கு எதுக்கு?" என்று கேட்டது நான்தான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, விடு" என்றார். மற்ற மூன்றுக்கும் மறுநாள் மருந்து வைத்தார்.

நவம்பரில் முதல் பெட்டியைத் திறந்தபோது தேன் அப்படியே இருந்தது. சட்டம் சட்டமாக, மூடி போட்ட தேன். தேனீக்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை. நிறையப் புழு வளர்த்த கூட்டில்தான் நிறைய உண்ணியும் வளரும். கனமாக இருந்ததே அதற்கு எமனாகிவிட்டது. வைக்கோல் கூடைக் காலத்தைப் போலவே.

அலுவலகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற சர்வரின் லாக்கை யாரும் திறப்பதில்லை. இப்போது நான் திறக்கிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. காலிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "முன்னாடியெல்லாம் முழுக் கூட்டையும் கொன்னாங்க. இப்ப அரைக் கோப்பை கேக்குது. அதையும் குடுக்க நமக்கு மனசு வரல" என்றார்.

அடுத்த ஆகஸ்டில் அவர் கூப்பிடுவதற்கு முன்பே நான் வேலி தாண்டிப் போனேன். கனமான பெட்டியிலிருந்து ஆரம்பித்தோம். குப்பியை நான் குலுக்கினேன்.