உப்பளக் கரையில் படம் திருத்தும் கருவிகள்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மரக்காணம், கழுவேலி ஏரியின் அருகே விரிந்து கிடக்கும் உப்பளங்களால் பெயர் பெற்ற ஊராகும். அங்கு ஒளிப்படத் தொழில் செய்வோருக்கு உப்பு இரு வகையில் குறுக்கிடுகிறது: பாத்திகளில் படிந்த உப்பின் வெண்மை, படத்தில் சிக்குவதற்கு அரிதான ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, உப்பேறிய கடற்காற்றோ படத்தையும் அதைத் திருத்தும் கருவியையும் ஒருசேர அரிக்கிறது. படத் திருத்தத்துக்கு எந்த மடிக்கணினியை வாங்குவது, அதில் எந்த உறுப்பை மாற்றிக்கொள்வது என்ற இன்றைய கேள்வியை இந்தக் கரையில் வைத்து ஆராய்வதற்கு அதுவே காரணம்.

ஒளிப்படக் கலையே உப்பில் தொடங்கியது எனலாம். இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1830களில் சாதாரணச் சோற்றுப்பு கரைத்த நீரில் காகிதத்தை நனைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டைப் பூசி, ஒளி பட்டால் கருக்கும் வெள்ளி குளோரைடை அக்காகிதத்திலேயே உண்டாக்கினார். பதிந்த உருவம் மேலும் கருக்காமல் நிறுத்துவதற்கும் தொடக்கத்தில் அவர் செறிந்த உப்புக் கரைசலையே கையாண்டார். இம்முறையில் எடுத்த அச்சுக்கு உப்புக்காகித அச்சு என்று பெயர். 1856இல் சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர், திருச்சி ஆகிய ஊர்களின் கோயில்களை மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தபோது ஒரு சிக்கலை எதிர்கொண்டார். அக்காலப் பூச்சுகள் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இணங்கியதால், வானம் மேகமற்ற வெற்று வெளியாகவே அச்சில் விழுந்தது. டிரைப் தூரிகை எடுத்து நெகட்டிவின் மீதே நிறமி தீட்டி மேகங்களையும் மரத்தழைகளையும் சேர்த்தார். ஒளிப்படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைக்குத் தமிழகத்தில் அத்தனை பழைய ஆதாரம் ஒன்றும் இல்லை.

பின்னர் ஊருக்கு ஊர் எழுந்த ஸ்டுடியோக்களில் இத்திருத்தம் ‘டச்சிங்’ என்ற பெயரில் தனித் தொழிலாயிற்று. சாய்வான மேசையில் பதித்த பால்நிறக் கண்ணாடியின் மேல் நெகட்டிவை வைத்து, கீழே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியால் சன்னல் வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பி, ஊசி போலச் சீவிய கடினப் பென்சிலால் திருத்துநர் நுண்ணிய புள்ளிகளை இட்டார். நெகட்டிவில் கருமை கூடிய இடம் அச்சில் வெளுக்கும் என்பதால், அம்மைத் தழும்பும் கண்ணடிச் சுருக்கமும் அப்புள்ளிகளில் மறைந்தன. கருவி எளியது, ஆனால் வெளிச்சம் சரியாக விழாத மேசையில் எவ்வளவு தேர்ந்த கையும் பயன்படவில்லை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் திரட்டி எண்ம வடிவில் பதிந்துள்ளனர். ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும் ஜெலட்டின் பூச்சுக்குக் கடலோரக் காற்று எவ்வளவு பகையானது என்பதை அறிந்தவர்களுக்கு, எஞ்சியவை இவ்வளவாவது கிடைத்தது வியப்பாகவே இருக்கும்.

கணினி இத்தொழிலுக்குள் வந்த பாதை நீண்டதன்று. ஃபோட்டோஷாப் 1990இல் மேக் கணினிக்கும் 1992இல் விண்டோஸுக்கும் வெளிவந்தது. 1994இல் வெளியான மூன்றாம் பதிப்பு, ஒரு படத்தின் பகுதிகளைத் தனித்தனிக் கண்ணாடித் தாள்களாக அடுக்கி வைத்துத் திருத்த உதவும் ‘லேயர்’ என்ற அடுக்கு முறையைத் தந்தது. பிலிம் சுருளின் காலம் முடிந்து எண்மக் கேமரா பரவியபோது, கல்யாண ஆல்பமும் உருமாறிற்று. ஒட்டுப் படங்களின் தொகுப்பாக இருந்தது, ‘கரிஷ்மா’ என்று வழங்கும், பக்கம் முழுதும் வடிவமைத்து அச்சிட்ட புத்தகமாயிற்று. மடிக்கணினித் தேர்வைத் தீர்மானித்தது கேமராவைவிட இந்த ஆல்பமே என்று கருத இடமுண்டு. விரித்தால் 12க்கு 36 அங்குலம் வரும் ஒரு தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் அமைத்தால், அதில் 3,600க்கு 10,800, அதாவது ஏறத்தாழ 3.89 கோடிப் புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் ஓர் அடுக்குக்கே சுமார் 117 மெகாபைட் நினைவகம் தேவை. மணமக்கள், பின்னணி, பூ வேலைப்பாடு, பெயர் என்று தாள் நிரம்ப அடுக்கினால் பத்து அடுக்குகளில் 1 ஜிபியைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கு நடைமுறையில் பலருக்குப் புலப்பட்டது அரசு மடிக்கணினியின் வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கருவிகள் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் வீடுகளை அடைந்தன. படிப்புக்கென்று தரப்பட்ட அக்கருவி, படிப்பு முடிந்ததும் ஆல்பம் வடிவமைக்கும் மேசைக்கு ஏறுவது இயல்பான நகர்வே. தொடக்க காலக் கருவிகளில் இருந்த 2 ஜிபி நினைவகம், மேற்சொன்ன ஒரு தாளுக்கே திணறியது. நினைவகம் நிரம்பினால் ஃபோட்டோஷாப் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். சுழல்தட்டு டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் அளவே கையாளுவதால், ஒவ்வொரு அசைவுக்கும் திரை உறைந்து நிற்கும். அக்கருவிகளோடு வந்த பாஸ் லினக்ஸ், சி-டாக் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம். அதில் கிம்ப் என்ற திருத்த மென்பொருள் செலவின்றி இயங்கும். எனினும் ஆல்பம் வார்ப்புருக்கள் யாவும் ஃபோட்டோஷாப் கோப்புகளாகவே கைமாறியதால், தொழில் செய்தவர்கள் விண்டோஸையே பற்றிக்கொண்டனர்.

நினைவகத் திணறலுக்குத் தீர்வு சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைத்தது. அடிமூடியைக் கழற்றி நினைவகத் தகட்டை மாற்றுவதும், சுழல்தட்டை எடுத்துவிட்டு அதே இரண்டரை அங்குலக் குழியில் எஸ்எஸ்டி என்ற அசையாச் சில்லு வட்டைப் பொருத்துவதும் அரை மணி வேலை; நொடிக்கு 500 மெகாபைட் வரை படிக்கும் எஸ்எஸ்டி, பழைய கருவியைப் புதிது போல ஓடச் செய்தது. ஆனால் 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது என்பதால், தகடு மட்டும் வாங்கி இயங்குதளத்தை மாற்றாதவர்கள் பணத்தைப் பாதி வீணடித்தனர்.

கடலோரத்தில் இன்னொரு செலவும் உண்டு. ஈரக் காற்றோடு வரும் குளோரைடு, இணைப்புகளின் பொன் பூச்சில் உள்ள நுண்துளை வழியே அடியிலுள்ள உலோகத்தைத் தாக்கிப் படலம் படியச் செய்கிறது. கருவி இயங்காமல் திரை கருத்து நிற்கிறது. பழுது பார்ப்பவர் நினைவகத் தகட்டை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூள் உதிர்த்து, மறுபடி சொருகுகிறார். பெரும்பாலும் கருவி உயிர் பெற்றுவிடுகிறது. மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் இல்லாததால், இவ்வகைப் பராமரிப்புக்கு ஆண்டில் இருமுறை ஓய்வு அமைகிறது.

நினைவகமும் டிஸ்க்கும் கூட்டிக்கொள்ளத் தக்கவை, திரை அவ்வாறன்று. மலிவான மடிக்கணினிகளில் நெடுங்காலம் இடம்பெற்ற டிஎன் வகைத் திரை, பெரும்பாலும் நிறம் ஒன்றுக்கு 64 படிகளையே நேரடியாகக் காட்ட வல்லது. பார்க்கும் கோணம் சற்றுச் சாய்ந்தாலும் அதன் வெளிச்சம் மாறிவிடும். கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபின், பூநாரைகளைப் படமெடுக்க வருவோரின் பார்வை இப்பக்கம் திரும்பியுள்ளது. வெண்ணிற உப்பையோ நீரையோ பின்னணியாகக் கொண்ட வெளிர் சிவப்பு இறகை, கேமரா 14-பிட் அளவில், அதாவது 16,384 படிகளில் பதிந்தாலும், டிஎன் திரையில் அது வெறும் வெள்ளையாகக் கரைந்து போகிறது. திருத்துபவர் இல்லாத குறையைச் சரிசெய்யப் போய்ச் சிவப்பை மிகையாக ஏற்றிவிடுகிறார். கோணம் மாறினாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரையும், 1996இல் வகுக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி நிற எல்லையை முழுமையாகக் காட்டும் திறனும் இருக்கிறதா என்பதையே வாங்குவோர் முதலில் கேட்க வேண்டும். கடைக்காரர்கள் செயலியின் தலைமுறையைச் சொல்லி விற்பது அவர்களுக்கு எளிதாக இருப்பதால்தான்.

அண்மைக் காலத்தில் நினைவகம் கூட்டிக்கொள்ளத் தக்கது என்ற நிலையும் மாறிவருகிறது. ஆப்பிள் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ரெட்டினா மேக்புக் ப்ரோவில் நினைவகம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. பிற நிறுவனங்களின் மெல்லிய கருவிகளும் அவ்வழியே சென்றன. உருவிச் சொருகும் பற்கள் இல்லாததால் அங்கே உப்புப் படியும் இடமும் இல்லை. ஆனால் சில்லு ஒன்று பழுதானால் மதர்போர்டையே மாற்ற நேரிடுகிறது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு டேப் அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்துள்ள நிலையில், அக்கருவிகளும் ஆல்பம் மேசையை அடையும்போது, அடிமூடியைக் கழற்றினால் நினைவகத்துக்கு வெற்றுக்குழி உள்ளதா என்பதே அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும். குழி இல்லாத கருவியை வாங்குவோர் 16 ஜிபியை வாங்கும்போதே கேட்டுப் பெறுவதன்றி வேறு வழியில்லை. ஆயிரம் படம் எடுத்த ஒரு காலை 25 ஜிபிக்கு மேல் அடைத்துக்கொள்வதால், படங்களை வைக்க வெளி டிஸ்க் ஒன்றும் கூடவே தேவைப்படும்.