ஊட்டிக்கு ஏன் விமான நிலையம் இல்லை? நீலகிரி மக்களுக்கு பீளமேடுதான் ஏர்போர்ட்... முழு விவரம்!

நீலகிரி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. இத்தலாரில் இருந்து சென்னைக்கோ ஷார்ஜாவுக்கோ பறக்க வேண்டும் என்றால், முதலில் மலையை விட்டு இறங்க வேண்டும். இத்தலாரில் இருந்து ஊட்டி சுமார் 15 கி.மீ. அங்கிருந்து குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக கோவை பீளமேடு விமான நிலையம் சுமார் 90 கி.மீ. வெளிநாட்டு வேலை, அவசர சிகிச்சை, வெளியூரில் ஒரு துக்கம் என எதுவானாலும் இதுதான் வழி.

'மேலேயே ஒரு ஏர்போர்ட் கட்டினால் என்ன?' என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதற்கான பதிலையும், பீளமேடு விமான நிலையத்தின் கதையையும் பார்க்கலாம்.

பீளமேடு விமான நிலையம் எப்போது வந்தது?

1940-ல் பீளமேடு சிவில் ஏரோட்ரோம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அப்போது சிறிய விமானங்கள்தான் வந்து போயின. ஜெட் விமானங்கள் இறங்க ஓடுதளம் போதவில்லை என்பதால், 1980-களில் நீட்டிப்புப் பணி நடந்தது. அந்தக் காலத்தில் பயணிகள் விமானங்கள் சூலூர் விமானப்படை தளத்தில் இருந்து இயங்கின.

1995-ல் ஷார்ஜாவுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் சேவை தொடங்கியது. 2012-ல் சர்வதேச விமான நிலைய அந்தஸ்து கிடைத்தது. 2024 ஆகஸ்டில் அபுதாபிக்கும் நேரடி விமானம் வந்தது. டிக்கெட்டில் 'சிஜேபி' என்று இருந்தால், அது கோவையின் குறியீடு.

எப்படி இயங்குகிறது?

நிர்வாகம் இந்திய விமான நிலையங்கள் ஆணையம். பாதுகாப்பு மத்திய தொழில் பாதுகாப்புப் படை. இருப்பது ஒரே ஓடுதளம், நீளம் சுமார் 2,990 மீட்டர். ஒரு விமானம் ஓடுதளத்தில் இருந்தால் அடுத்தது காத்திருக்கத்தான் வேண்டும்.

ஓடுதளம் வடகிழக்கு - தென்மேற்கு திசையில் அமைந்துள்ளது. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டு கணவாய் வழியாக வீசும் காற்றுக்கு இந்த அமைப்பு பொருந்திப் போகிறது.

ஊட்டியில் ஏன் கட்ட முடியவில்லை?

மூன்று காரணங்கள்.

முதலாவது, உயரம். கோவை விமான நிலையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியோ சுமார் 2,240 மீட்டர். மேலே போகப் போக காற்றின் அடர்த்தி குறையும். விமானம் எழும்ப அதிக வேகமும், அதற்கு அதிக தூரமும் தேவை. 300 மீட்டர் உயரத்துக்கு ஓடுதளம் சுமார் 7 சதவீதம் நீள வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால், கடலோரத்தில் 1,300 மீட்டர் போதும் என்ற சிறிய விமானத்துக்கு ஊட்டியில் 2,000 மீட்டர் அளவுக்கு வேண்டும்.

இரண்டாவது, இடம். காடு, தேயிலைத் தோட்டம், கேரட் விளையும் சரிவு என இருக்கும் நிலத்தில் 2 கி.மீ சமதளம் வேண்டுமென்றால் மலையைத்தான் வெட்டணும். 2009 நவம்பரில் பெய்த கனமழையில் நிலச்சரிவுகளால் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த மாவட்டம் இது.

மூன்றாவது, மேகமூட்டம். சிக்கிமில் மலையை வெட்டி பாக்யோங் விமான நிலையத்தை 2018-ல் திறந்தார்கள். ஓடுதளம் 1,700 மீட்டர். ஆனால் மோசமான வானிலையால் விமானங்கள் அடிக்கடி ரத்தாகின. 2019-ல் நின்ற சேவை, ஒரு வருடத்துக்கும் மேல் திரும்பவில்லை.

ஹெலிகாப்டர் சரிப்படாதா?

ஊட்டி தீட்டுக்கல்லில் ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. பெரும்பாலும் முக்கியப் பிரமுகர்களின் வருகைக்குத்தான் பயன்படுகிறது. அதற்கும் வானிலை ஒத்துழைக்க வேண்டும்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரில் இருந்து வெலிங்டன் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து நொறுங்கியது. முப்படை தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தனர். வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில், விமானி திசை உணர்வை இழந்ததாக விசாரணையில் தெரியவந்தது. 2024 நவம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஊட்டி வந்தபோதும், மோசமான வானிலையால் சாலை வழியாகத்தான் வந்தார்.

விரிவாக்கம் எந்த நிலையில் இருக்கிறது?

கோவை ஓடுதளத்தை சுமார் 3,800 மீட்டராக நீட்டிப்பது திட்டம். 2010-ல் அறிவிக்கப்பட்டும், 600 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்கும் பணி பத்து வருடங்களுக்கும் மேல் இழுத்தது. நிபந்தனை இல்லாமல் நிலத்தை ஒப்படைக்க தமிழக அரசு 2024-ல் முடிவெடுத்தது. ஓடுதளம் நீண்டால் பெரிய விமானங்கள் வரும், தொலைதூர நாடுகளுக்கு நேரடி சேவை கிடைக்கும். மலைவாசிகளுக்கும் அதனால் லாபம்தான். ஆனால் மலையில் இருந்து பீளமேடு வரும் தூரம் மட்டும் குறையப் போவதில்லை.

மலையில் இருந்து கிளம்புவோர் கவனத்துக்கு...

* உள்நாட்டு விமானங்களுக்கு பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். 'ஏர்போர்ட் வாசலுக்கு வந்துட்டேன்' என்றாலும் விட மாட்டார்கள்.

* மழைக்காலத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ குன்னூர் சாலை அடைபடும். அப்போது கோத்தகிரி வழிதான் மாற்று. அதிகாலை விமானம் என்றால் முந்தைய நாளே இறங்கிவிடுவது நல்லது.

* மே மாத சீசனில் ஒருவழிப் பாதை அமலாகும். இறங்கும் வண்டிகளை வழக்கமாக கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள்.

* இத்தலார் பக்கத்தில் இருந்து மஞ்சூர், கெத்தை, முள்ளி வழியாக காரமடைக்கு இன்னொரு சாலை உண்டு. 43 கொண்டை ஊசி வளைவுகள், யானை நடமாட்டம், வனத்துறை சோதனைச்சாவடி எல்லாம் உண்டு. அவசரத்துக்கு, அதுவும் இருட்டில், இந்த வழியை நம்ப வேண்டாம்.

* 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. ஊர் திரும்பும்போது கோவையில் டாக்ஸி பிடித்தால், பாஸ் இருக்கிறதா என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். நீலகிரி பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு.